எங்கள் வேலையும் இரு நாட்டு ஒப்பந்தமும்

கனடாவுக்கு வந்து சேரும் எம்மவரில் அநேகருக்கு முதலில் அகப்படுவது தொழிற்சாலை வேலைதான். அதுவும் ஒன்ராறியோ மாகாணத்தில் என்றால் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. கதவுப் பிணைச்சல், இருக்கைச் சட்டம், வயர்க்கட்டு, பிளாஸ்ரிக் மூடி என்று ஏதோ ஒன்றை நாள் முழுவதும் செய்து பெட்டியில் அடுக்குகிறோம். அந்தப் பெட்டி எங்கே போகிறது? ஏன் ஒரு மாதம் சனி, ஞாயிறும் ஓவர்ரைம் தருகிறார்கள்? ஏன் அடுத்த மாதம் "நாளைக்கு வரவேண்டாம்" என்கிறார்கள்? இவற்றை எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டில் மனைவி கேட்டால் எங்களிடமும் பதில் இல்லை.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இரண்டு நாடுகள் செய்த ஒரு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. கனடாவும் அமெரிக்காவும் 1965ஆம் ஆண்டு செய்த மோட்டார் வாகன உடன்படிக்கை அது. இங்கே எல்லோரும் அதை "ஓட்டோ பக்ட்" என்பார்கள். அது 2001இல் முடிந்துவிட்டது. ஆனாலும் அது வெட்டிய பாதையில்தான் எங்கள் லொறிகள் இன்றும் ஓடுகின்றன. ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். 2010இல் வந்து தொழிற்சாலையில் நிற்கிறேன். நூலகத்தில் வாசித்ததையும் பழைய தொழிலாளரிடம் கேட்டதையும் வைத்து, புதிதாக வந்த குடும்பங்களுக்கு விளங்கும்படி இதை எழுதுகிறேன்.

வேலிக்குள் ஒரு சிறு தோட்டம்

ஊரில் நாலு பரப்புக் காணி வைத்திருக்கும் ஒருவர் அதிலே வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, கத்தரி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நட்டால் என்ன ஆகும்? எல்லாம் இருக்கும். ஆனால் ஒன்றும் கட்டுப்படியாகாது. 1965க்கு முன்பு கனடாவின் கார்த் தொழில் இப்படித்தான் இருந்தது.

அமெரிக்காவில் இருந்து கார் வந்தால் கனடா 17.5 வீதம் தீர்வை போட்டது. சில பாகங்களுக்கு 25 வீதம் வரை போனது. அதனால் அமெரிக்கக் கொம்பனிகள் கனடாவிலேயே ஆலை வைத்து, கனடாக்காரருக்கு வேண்டிய எல்லா மொடல்களையும் இங்கேயே செய்தன. கனடாவோ சனத்தொகை குறைந்த நாடு. ஒவ்வொரு மொடலிலும் சிறு எண்ணிக்கைதான் விற்கும். ஒரு மொடலைக் கொஞ்சம் செய்துவிட்டு மெஷினை நிறுத்தி, டையை மாற்றி, அடுத்த மொடலுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும். பிரஸ் மெஷினில் வேலை செய்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். டை மாற்றும் நேரத்தில் ஆட்களுக்குச் சம்பளம் ஓடும், பாகம் ஒன்றும் வெளியே வராது. ஆகவே கனடாவில் செய்த கார் அமெரிக்கக் காரை விட விலை கூடியது. அங்கே கொண்டுபோய் விற்க முடியாது.

1960இல் கனடிய அரசு பேராசிரியர் வின்சென்ற் பிளேடன் என்பவரைக் கொண்டு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் அறிக்கை 1961இல் வந்தது. பின்னர் 1962இலும் 1963இலும், ஏற்றுமதியைக் கூட்டும் கொம்பனிகளுக்குத் தீர்வையைத் தள்ளுபடி செய்யும் திட்டங்களைக் கனடா கொண்டுவந்தது. உடனே அமெரிக்கப் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. விஸ்கொன்சின் மாநிலத்தில் ரேடியேற்றர் செய்யும் மொடைன் என்ற கொம்பனி, கனடாப் பாகங்களுக்கு எதிர்த் தீர்வை போடவேண்டும் என்று 1964இல் அமெரிக்கத் திறைசேரியிடம் முறையிட்டது. விட்டிருந்தால் அது இரு நாட்டுத் தீர்வைச் சண்டையாகியிருக்கும். அதைத் தவிர்க்கத்தான் இருவரும் பேச உட்கார்ந்தார்கள்.

கையெழுத்து ஒரு நாள், நடைமுறை பல மாதம்

1965 ஜனவரி 16ஆம் திகதி, ரெக்சாஸ் மாநிலத்தில் ஜனாதிபதி லின்டன் ஜோன்சனின் பண்ணை வீட்டில் அவரும் கனடியப் பிரதமர் லெஸ்ரர் பியர்சனும் கையெழுத்து வைத்தார்கள். கார், லொறி, பஸ், அவற்றுக்கான புதிய பாகங்கள் ஆகியவை தீர்வை இல்லாமல் எல்லை கடக்கலாம் என்பதே சாரம். உடன்படிக்கை சில பக்கங்கள்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு தலைவர்கள் கையெழுத்து வைத்தவுடன் சுங்க அதிகாரி கேற்றைத் திறந்துவிட மாட்டார். அவருக்கு அவருடைய நாட்டுச் சட்டம் வேண்டும். கனடா இரண்டு நாளில், ஜனவரி 18ஆம் திகதி, அமைச்சரவைக் கட்டளை மூலம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. விசாரணை, விவாதம் எல்லாம் முடிந்து ஒக்டோபர் 21ஆம் திகதிதான் ஜோன்சன் அந்தச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஆனால் சட்டம் ஜனவரி 18இல் இருந்தே செல்லும் என்று பின்திகதி போட்டார்கள். ஒரு நாட்டுக்கு மட்டும் சலுகை கொடுப்பது உலக வர்த்தக விதிக்கு மாறானது என்பதால் அமெரிக்கா அதற்கும் தனியாக விதிவிலக்குப் பெற வேண்டி வந்தது. பத்திரிகையில் படம் வந்த நாளுக்கும் காகித வேலை எல்லாம் முடிந்த நாளுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு வருடம்.

எண்ணோடு எழுதிய வாக்குறுதி

ஒப்பந்தம் இரு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. இதுதான் அதன் உயிர்நாடி.

அமெரிக்கப் பக்க விதி இலகுவானது. கனடாவில் இருந்து வரும் பொருளில் குறைந்தது பாதி வட அமெரிக்காவில் ஆனதாக இருந்தால் தீர்வை இல்லை. கனடாப் பக்கத்தில் அப்படி இல்லை. நீங்களோ நானோ போய்த் தீர்வை இல்லாமல் ஒரு கார் கொண்டுவர முடியாது. கனடாவில் கார் உற்பத்தி செய்யும் கொம்பனி மட்டுமே கொண்டுவரலாம். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன.

முதலாவது, உற்பத்திக்கும் விற்பனைக்கும் உள்ள விகிதம். ஒரு கொம்பனி கனடாவில் 100 டொலருக்குக் கார் விற்றால் குறைந்தது 75 டொலர் பெறுமதிக்குக் கனடாவில் கார் செய்ய வேண்டும். முன்பு அதைவிடக் கூடுதலாகச் செய்திருந்தால் அந்த விகிதத்தைக் குறைக்கக் கூடாது. 1963 ஓகஸ்ட் முதல் 1964 யூலை வரையான 12 மாதங்களை அளவுகோல் வருடமாக வைத்தார்கள்.

இரண்டாவது, கனடாவில் சேர்க்கும் பெறுமதி. இங்கே கொடுக்கும் சம்பளம், இங்கே வாங்கும் பாகம், மின்சாரம், மெஷின் தேய்மானம் எல்லாம் இதில் அடங்கும். அது அளவுகோல் வருடத்தில் இருந்த தொகைக்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாவது, கொம்பனிகள் கனடியக் கைத்தொழில் அமைச்சருக்குத் தனித்தனியே எழுதிக் கொடுத்த வாக்குறுதிக் கடிதங்கள். விற்பனை கூடும்போது, அந்தக் கூடுதலில் கார் என்றால் 60 வீதமும் லொறி, பஸ் என்றால் 50 வீதமும் கனடாப் பெறுமதியாகச் சேர்க்க வேண்டும். அதாவது கார் விற்பனை ஒரு கோடி டொலர் கூடினால், 60 இலட்சம் டொலருக்கு இங்கே புதிதாக வேலையும் பொருளும் உண்டாக வேண்டும். அதற்கு மேலாக, 1968 நடுப்பகுதிக்குள் எல்லாக் கொம்பனிகளும் சேர்ந்து 26 கோடி டொலர் பெறுமதியைக் கூட்டவும் ஒப்புக்கொண்டன.

உடன்படிக்கை நிபந்தனையை நிறைவேற்றாத கொம்பனி அந்த வருடம் கொண்டுவந்த எல்லாவற்றுக்கும் தீர்வை கட்ட வேண்டும். "முயற்சி செய்வோம்", "கவனத்தில் எடுப்போம்" என்ற பேச்சுக்கு அங்கே இடம் இருக்கவில்லை. அளவு, திகதி, தண்டனை மூன்றும் எழுத்தில் இருந்தன. சீட்டுப் பிடிக்கும்போது எங்கள் பெண்கள் கொப்பியில் எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி.

பெட்டி எல்லை கடந்தபோது

இதன் பிறகு கொம்பனிகள் கணக்கைப் பார்த்தன. எந்த மொடலை எங்கே செய்தாலும் பரவாயில்லை, மொத்தப் பெறுமதி சரியாக இருந்தால் போதும். ஆகவே ஒரு ஆலையில் ஒரு சில மொடல்களை மட்டும் பெருமளவில் செய்து இரு நாட்டுக்கும் விற்றார்கள். கனடாக்காரருக்கு வேண்டிய மற்ற மொடல்கள் அங்கிருந்து வந்தன. நாலு பரப்பிலும் வெங்காயத்தை மட்டும் நட்டு, பக்கத்துக் காணிக்காரரிடம் மிளகாய்க்கு மாற்றிக்கொண்ட கதைதான்.

1964இல் கனடாவில் செய்த வாகனங்களில் ஏறக்குறைய 7 வீதமே அமெரிக்காவுக்குப் போனது. 1968இல் அது 60 வீதம் ஆனது. கியூபெக்கில் செயின்ற் தெரேஸ் ஆலை 1965இல் திறந்தது. ஒன்ராறியோவில் செயின்ற் தோமஸ் நகருக்கு அருகே போர்ட் ஆலை 1967இல் திறந்தது. 1999இல் கனடா 30 இலட்சத்துக்கும் கூடுதலான வாகனங்களைச் செய்தது.

ஆனால் எல்லோருக்கும் அது உடனே பால் வார்க்கவில்லை. ஒரு மொடலை இங்கே நிறுத்தி அங்கே மாற்றும்போது அந்த வரிசையில் நின்றவர்களுக்கு வேலை போனது. அதனால்தான் அமெரிக்கச் சட்டத்திலேயே பாதிக்கப்படும் தொழிலாளருக்கு உதவிப் பணம் என்று ஒரு பகுதி இருந்தது. கனடாவும் அதேபோல் இடைக்கால உதவித் திட்டம் ஒன்றை வைத்தது. இதைக் கேட்டு வாங்கியதில் தொழிற்சங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஒப்பந்தம் நல்லது என்று சொல்லிவிட்டு, இடையில் நசுங்குபவனை மறந்துவிடாதே என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஒப்பந்தம் காக்காதது எது?

ஸ்காபரோவில் எக்லின்ரன் வீதியில், "கோல்டன் மைல்" என்ற பகுதியில், ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் வான் செய்யும் ஆலை இருந்தது. எம்மவர்கள் பெருந்தொகையாக ஸ்காபரோவில் குடியேறிக்கொண்டிருந்த 1993இல் அது மூடப்பட்டது. வான் உற்பத்தி மிச்சிகன் மாநிலத்துக்குப் போனது. அந்தப் பக்கம் இன்று கடைத்தொகுதி. சாமான் வாங்கப் போகும் பலருக்கு அங்கே ஒரு ஆலை இருந்ததே தெரியாது.

ஓட்டோ பக்ட் அப்போது உயிரோடுதான் இருந்தது. அப்படியானால் எப்படி மூடினார்கள்? வாக்குறுதி கொம்பனியின் மொத்தக் கனடா உற்பத்தி பற்றியது. குறிப்பிட்ட ஒரு ஆலையைப் பற்றியது அல்ல. ஒஷாவாவில் கூடச் செய்தால் ஸ்காபரோவை மூடலாம், கணக்குச் சரியாகவே இருக்கும். நாட்டின் பங்கு காப்பாற்றப்பட்டது. ஸ்காபரோ ஆலையில் நின்றவரின் வேலை காப்பாற்றப்படவில்லை. "எங்கள் கொம்பனி பெரிய கொம்பனி, ஒன்றும் ஆகாது" என்று நம்பி வீடு வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பல் கழன்ற கதை

1989 ஜனவரி முதலாம் திகதி கனடா – அமெரிக்க சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இதன்படி அமெரிக்காவில் உற்பத்தியானது என்று காட்டினாலே போதும், தீர்வை படிப்படியாக இல்லாமல் போகும். அப்படியானால் பழைய நிபந்தனையை நிறைவேற்றாத கொம்பனிக்கு என்ன தண்டனை? அமெரிக்கப் பொருளைப் பொறுத்தவரை ஒன்றும் இல்லை. ஜப்பானில் இருந்தோ ஐரோப்பாவில் இருந்தோ கொண்டுவரும் பொருளுக்கு மட்டும் பழைய சலுகையும் நிபந்தனையும் மிஞ்சின. புதிய கொம்பனிகளைச் சேர்ப்பதும் நின்றது.

இதனால் ஜப்பான், ஐரோப்பியக் கொம்பனிகளுக்கு மனத்தாங்கல். ஹொண்டா 1986இலும் ரொயோட்டா 1988இலும் ஒன்ராறியோவில் கார் செய்யத் தொடங்கின. அவைக்கு இல்லாத சலுகை பழைய கொம்பனிகளுக்கு மட்டும் ஏன் என்று ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்கு வைத்தன. 2000ஆம் ஆண்டு கனடாவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. 2001 பெப்ரவரியில் ஓட்டோ பக்ட் முடிந்தது.

அதற்கிடையில் 1994இல் மெக்சிக்கோவும் சேர்ந்து நாஃப்டா வந்தது. 2020 யூலை முதலாம் திகதி அதன் இடத்துக்கு கஸ்மா என்ற மூன்று நாட்டு ஒப்பந்தம் வந்தது. இவற்றில் கேட்பது "கனடாவில் எவ்வளவு செய்தாய்?" என்பதல்ல; "மூன்று நாட்டுக்குள் எவ்வளவு செய்தாய்?" என்பதே. நாஃப்டாவில் காருக்கு 62.5 வீதம். கஸ்மாவில் 75 வீதம். காரின் பெறுமதியில் 40 வீதம் மணிக்குச் சராசரி 16 அமெரிக்க டொலராவது கொடுக்கும் ஆலைகளில் இருந்து வரவேண்டும் என்ற விதியும் கஸ்மாவில் உண்டு. கூலி குறைந்த இடத்துக்கே எல்லா வேலையும் ஓடாமல் இருக்கப் போட்ட தடுப்பு அது. ஆனாலும் 2023இல் கனடாவின் வாகன உற்பத்தி 1999இல் இருந்ததன் ஏறக்குறையப் பாதிதான்.

பாலம் பூட்டியபோது

நான் வேலை செய்யும் இடத்தில் இருக்கைக்கான இரும்புச் சட்டம் செய்கிறோம். உருக்குத் தகடு அமெரிக்காவில் இருந்து வருகிறது. நாங்கள் வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து அனுப்புகிறோம். அங்கே மெத்தை பூட்டி முழு இருக்கையாகிறது. அதில் ஒரு பகுதி திரும்பக் கனடாவிலுள்ள கார் ஆலைக்கே வருகிறது. ஒரே இரும்பு மூன்று தரம் எல்லை கடக்கிறது. எந்த ஆலையும் பல நாளுக்கான பாகத்தை அடுக்கி வைத்திருப்பதில்லை. காலையில் வருவது பின்னேரம் பூட்டப்படும்.

2022 பெப்ரவரியில் வின்சரையும் டெற்றோயிற்றையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை ஆர்ப்பாட்டக்காரர் ஏறக்குறைய ஒரு கிழமை மறித்தார்கள். மூன்றாம் நாள் எங்களை நேரத்துக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பொடியன் வாகனத் தரிப்பிடத்தில் என்னிடம் வந்தான்.

"அண்ணை, நான் ஏதும் பிழை விட்டனானோ? காலமை சுப்பவைசர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை."

"உன்னிலை ஒரு பிழையும் இல்லைத் தம்பி. பாலம் பூட்டிக் கிடக்கு. லொறி வராட்டி எங்களுக்கு வேலை இல்லை."

அவன் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் தன்னை நிறுத்திவிட்டார்கள் என்றே சொல்லியிருக்கிறான். நாலைந்து நாள் அந்த வீட்டில் ஒழுங்காகச் சமைக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். பாலம் திறந்ததும் அவனையும் கூப்பிட்டார்கள். காரணம் தெரியாத பயம் பசியை விடப் பொல்லாதது. எம்மவர் எதற்கும் தங்களையே குற்றம் சொல்லிப் பழகிவிட்டார்கள். இந்தக் கட்டுரையை எழுத முக்கிய காரணம் அதுதான்.

2025 ஏப்ரல் 3ஆம் திகதி வெளிநாட்டுக் கார்களுக்கு அமெரிக்கா 25 வீதத் தீர்வை போட்டபோது மறுபடி அந்தப் பயம் வந்தது. கஸ்மா விதிக்கு உட்பட்ட கனடாக் கார் என்றால் அதிலுள்ள அமெரிக்கப் பங்கைக் கழித்து மிச்சத்துக்குத்தான் தீர்வை. கஸ்மா விதிக்கு உட்பட்ட பாகங்களை அப்போது விட்டுவைத்தார்கள். கனடாவும் பதில் தீர்வை போட்டது. ஆனால் கனடாவில் தொடர்ந்து உற்பத்தி செய்யும் கொம்பனிகளுக்கு ஒரு அளவு வரை தள்ளுபடி கொடுத்தது. 2025 ஒக்டோபரில் இரண்டு பெரிய கொம்பனிகள் ஒன்ராறியோவில் உற்பத்தியைக் குறைத்தபோது அவற்றின் தள்ளுபடி அளவையும் கனடா வெட்டியது. இங்கே செய்தால் சலுகை, செய்யாவிட்டால் தீர்வை! 1965இல் எழுதிய அதே கணக்குத்தான் அறுபது வருடம் கழித்து வேறு உருவத்தில் வந்தது.

எங்களுக்கு இதில் என்ன வேலை?

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவது ஒட்டாவாவும் வாஷிங்ரனும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பொருள் எங்கே உற்பத்தியானது என்பதைக் காட்டும் பத்திரம் ஒவ்வொரு சரக்குக்கும் வேண்டும். கஸ்மாவில் அந்தப் பதிவுகளைக் குறைந்தது ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் உண்மை தொடங்குவது எங்கள் மேசையில். கனடாப் பாகத்தையும் வெளிநாட்டில் இருந்து வந்த பாகத்தையும் ஒரே பெட்டியில் கலந்தால், தொகுதி இலக்கத்தை மாற்றி ஒட்டினால், எல்லையில் அந்தப் பெட்டிக்குக் கணக்குக் காட்ட முடியாது. வாங்கும் ஆலை அடுத்த முறை வேறு இடத்தில் வாங்கும். ஆகவே லேபல் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

வேலையை நிறுத்தினால் உங்கள் உரிமையையும் அறிந்து வையுங்கள். ஒன்ராறியோவில் தொடர்ச்சியாக மூன்று மாதம் வேலை செய்தவரை நிரந்தரமாக நிறுத்துவதானால் பொதுவாக முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் என்றால் ஒரு கிழமை. எட்டு வருடமும் அதற்கு மேலும் என்றால் எட்டுக் கிழமை. நாலு கிழமைக்குள் 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை நிறுத்தினால் குறைந்தது எட்டுக் கிழமை. ஏஜென்சி மூலம் வேலை செய்பவருக்கு ஏஜென்சிதான் முதலாளி, அவர்களிடம் கேளுங்கள். ஆர்.ஓ.ஈ. எனப்படும் வேலைப் பதிவு வரும்வரை காத்திருக்காமல், வேலை நின்ற நாலு கிழமைக்குள் ஈ.ஐ. உதவிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தற்காலிக நிறுத்தமா, நிரந்தர நிறுத்தமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. தொலைக்காட்சியில் "வர்த்தக ஒப்பந்தம்" என்று செய்தி வந்தால் சனலை மாற்றாதீர்கள். கையெழுத்து வைக்கும் படத்தை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு என்று எண் போட்டிருக்கிறதா? எப்போதைக்குள் என்று திகதி இருக்கிறதா? செய்யாவிட்டால் என்ன தண்டனை? 1965இல் இந்த மூன்றும் இருந்தபடியால்தான் ஒன்ராறியோவில் ஆலைகள் எழும்பின. எங்களில் பலருக்கு இங்கே வந்தவுடன் ஒரு வேலை கிடைத்ததற்கும் அது ஒரு காரணம். உங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் நன்றாக வாசிப்பார்கள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது அவர்களையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவருக்காவது காரணம் தெரிந்திருக்கட்டும்.